மூலப் பிரதி எங்கே?

1998 ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை. நான் வேலை செய்த பத்திரிகையில் ஒரு மரண அறிவித்தல் வெளிவந்தது. "தகனக்கிரியை 16ஆம் திகதி புதன்கிழமை மாலை பொரளைக் கனத்தையில் நடைபெறும்" என்பது அதன் கடைசி வரி. அந்த மாதம் 16ஆம் திகதி செவ்வாய்க்கிழமை. திகதியைப் பார்த்தவர்கள் செவ்வாயன்று வந்து சேர்ந்தார்கள். கிழமையைப் பார்த்தவர்கள் மறுநாள் வந்தார்கள். இறந்தவரோடு 40 ஆண்டுகள் பழகிய ஒரு முதியவர் ஹட்டனிலிருந்து மலர்வளையத்தோடு புதன்கிழமை கனத்தைக்கு வந்திருக்கிறார். அங்கிருந்து நேரே எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. பத்திரிகையை மேசையில் விரித்து அந்த வரியின் மேல் விரலை வைத்தார். அந்தப் பக்கத்தை ஒப்புநோக்கியவன் நான்.

ஒப்புநோக்காளரின் வேலை, அச்சுக் கோத்த எழுத்தை மூலப் பிரதியோடு வைத்துப் பார்ப்பது. அன்று மூலப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். அதிலும் "16ஆம் திகதி புதன்கிழமை" என்றுதான் இருந்தது. எழுத்துக்கு எழுத்து நான் செய்தது சரி. ஆனால் என் தலைக்கு மேலே சுவரில் நாட்காட்டி தொங்கியது. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் திகதியும் கிழமையும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்பது தெரிந்திருக்கும். அந்த முதியவரின் விரல் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அதன் பிறகு 16 ஆண்டுகள் அந்த மேசையில் இருந்தேன். எந்த வரியைப் படித்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்காமல் விட்டதில்லை. இது எங்கிருந்து வந்தது? இதை வேறு எதோடு வைத்துப் பார்க்கலாம்?

இப்போது வெள்ளவத்தையில் மகளின் தொடர்மாடி வீட்டில் இருக்கிறேன். பேத்திக்கு 10 வயது, பேரனுக்கு 6. பாடசாலை வானில் கேட்டது, ரியூசன் வகுப்பில் கேட்டது, அம்மாவின் கைபேசியில் பார்த்தது என்று நாளுக்குப் பத்துச் செய்தியாவது வீட்டுக்குள் வருகிறது. எது உண்மை, எது இல்லை என்று நானே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தால், நான் இல்லாத இடத்தில் அவர்கள் என்ன செய்வார்கள்? அதனால் தீர்ப்புச் சொல்வதை விட்டுவிட்டு என் தொழிலையே அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினேன். செய்து பார்த்து, எது பலன் தந்தது என்று தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு 80 பக்கக் கொப்பி வாங்குங்கள். அதோடு ஒரு பென்சிலும் ஒரு பேனாவும். பிள்ளை எங்கேயாவது கேட்டு வந்து சொல்லும் செய்தியை அவர்கள் கையாலேயே பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். அதன் கீழே, யார் சொன்னது? அதற்கும் கீழே, அவருக்கு எப்படித் தெரியும்? பார்த்து உறுதி செய்த பிறகு அதையே பேனாவால் எழுதட்டும். பிழை என்று தெரிந்தால் அழிக்க விடாதீர்கள். மேலே ஒரு கோடு, பக்கத்தில் சரியானது. பார்க்க வழியில்லாதது பென்சிலிலேயே இருக்கட்டும். ஒரு வாரத்துக்கு மூன்று, நான்கு செய்திகள் போதும். எல்லாவற்றையும் எழுத வைத்தால் அது இன்னொரு வீட்டுப்பாடமாகிவிடும்.

பென்சிலுக்கு ஒரு காரணம் உண்டு. பத்திரிகையில் சந்தேகமான இடத்தில் நாங்கள் திருத்தம் போடுவதில்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு ஆசிரியர் பீடத்துக்கு அனுப்புவோம். அந்தக் கேள்விக்குறி யாரையும் குறை சொல்வதில்லை. பார்க்க வேண்டியிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். பிள்ளைகளுக்கு இந்த நடு இடம் பழக்கமில்லை. புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைக்கு ஒவ்வொரு கேள்வியின் கீழேயும் சரியான விடை ஒன்று கட்டாயம் இருக்கிறது. தெரியாவிட்டாலும் ஏதாவது ஒன்றுக்குக் கீழே கோடிட்டுவிட வேண்டும் என்றே பழக்கியிருக்கிறோம். பரீட்சைக்கு அது நல்ல யோசனையாக இருக்கலாம். வாழ்க்கைக்கு அது மிகக் கெட்ட பழக்கம். "இன்னும் தெரியாது" என்று எழுதிய பிள்ளையை, சரியாகச் சொன்ன பிள்ளையைப் பாராட்டுவது போலவே பாராட்டுங்கள். இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சின்னப் பிள்ளைகளோடு கையால் தொட்டு அளக்கக்கூடியதில் தொடங்குங்கள். எங்கள் வீட்டில் பாணில் தொடங்கினோம். "ஒரு பாண் அரைக் கிலோ என்று கடைக்கார மாமா சொன்னார்" என்று பேரன் ஒரு நாள் வந்து சொன்னான். பென்சிலால் எழுதினான். அவனுடைய அம்மா கேக் செய்யும்போது பயன்படுத்தும் சிறிய தராசில் பாணை வைத்தோம். 438 கிராம். "மாமா பொய் சொல்லிவிட்டார்" என்று குதித்தான். பொறு, தராசு சரியென்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. தராசு பிழையாகக் காட்டும் என்றே அவன் நினைத்ததில்லை. வெறும் தண்ணீர்ப் போத்தலை வைத்தோம்: 24 கிராம். அளவுச் சாடியால் அரை லீற்றர் தண்ணீர் ஊற்றி மறுபடியும் வைத்தோம்: 522. கழித்தால் 498. அரை லீற்றர் தண்ணீரின் நிறை அரைக் கிலோ. ஆக, தராசை நம்பலாம். பிறகு பேத்தி கேட்டாள், "அம்மப்பா, ஒரு பாணை மட்டும் பார்த்தால் போதுமா?" அந்தக் கேள்விக்காக அன்று அவளை அணைத்துக்கொண்டேன். தொடர்ந்து நான்கு நாட்கள் நிறுத்தோம். 446, 451, 440, 447.

கடைசியில் பெயரையே யோசித்தோம். நம் ஊரில் "ஒரு இறாத்தல் பாண்" என்றுதானே கேட்டு வாங்குகிறோம்? ஒரு இறாத்தல் என்பது ஏறக்குறைய 454 கிராம். சட்டப்படி இப்போது முழுப் பாணின் நிறை 450 கிராம். விடை எத்தனையோ காலமாகக் கடை வாசலில் நம் வாயிலேயே இருந்திருக்கிறது. பேரன் கொப்பியில் "ஒரு பாண் அரைக் கிலோ" என்ற வரியின் மேல் கோடு போட்டான். பக்கத்தில் "பொய்" என்று எழுதப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

இதை எல்லாப் பெற்றோரும் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தமிழில் "பொய்" என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது. உண்மையில்லாததும் பொய், ஏமாற்றுவதற்காகச் சொல்வதும் பொய். பிள்ளையின் காதில் இரண்டாவதுதான் முதலில் விழுகிறது. ஒரு கூற்று பொய் என்றால் சொன்னவர் பொய்யர் என்று நினைத்துவிடுகிறது. கடைக்கார மாமா ஏமாற்றவில்லை, உத்தேசமாகச் சொன்னார். எனவே எங்கள் கொப்பியில் "பொய்" என்ற சொல்லுக்கே இடமில்லை. "சரி", "பிழை", "இன்னும் தெரியாது" மூன்றும்தான். இப்படிப் பிரித்த பிறகு வீட்டில் சண்டை குறைந்தது. "நீ சொன்னது பிழை" என்றால் தம்பி கொப்பியைக் கொண்டு வருகிறான். முன்பு "நீ பொய் சொல்கிறாய்" என்றால் அழுவான்.

அடுத்தது, நம் வீடுகளில் இருக்கும் பெரிய சிக்கல். பிள்ளை "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு பெரியவரிடம் கேட்டால், எதிர்த்துப் பேசுகிறது என்கிறோம். கேள்வியைக் கற்றுக்கொடுத்துவிட்டுக் கேட்கும் விதத்தைக் கற்றுக்கொடுக்காமல் விட்டால் அந்தப் பிள்ளை அடி வாங்கும். பிறகு எவரிடமும் கேட்காது. நான் பேத்திக்கு ஒரு வசனம் பழக்கினேன்: "அதை எங்கே பார்த்தீர்கள்? எனக்கும் காட்டுவீர்களா?" இதில் மரியாதையும் இருக்கிறது, கேள்வியும் இருக்கிறது. பெரியவர் உண்மையாகவே பார்த்திருந்தால் மகிழ்ச்சியோடு காட்டுவார். பார்க்காவிட்டால் அவரே யோசிக்கத் தொடங்குவார்.

இது வேலை செய்ததை ஓர் ஆகஸ்ட் மாதம் கண்டேன். கனடாவில் இருக்கும் அவர்களுடைய பெரியப்பா வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். ஆகஸ்ட் 27 இரவு செவ்வாய்க் கிரகம் முழுநிலவு அளவுக்குப் பெரிதாகத் தெரியும், வானத்தில் இரண்டு நிலவுகளைக் காணலாம், பிள்ளைகளுக்குக் காட்டத் தவறாதீர்கள் என்று. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. கொப்பியில் எழுதினோம். பேத்தி பெரியப்பாவுக்குப் பேசினாள். "எனக்கும் காட்டுவீர்களா பெரியப்பா, இது முதலில் எங்கே வந்தது?" அவருக்கு ஒரு நண்பர் அனுப்பினாராம். அந்த நண்பருக்கு? "அது தெரியவில்லை பிள்ளை" என்றார். ஆனால் அவரும் தேடிப் பார்ப்பதாகச் சொன்னார்.

27ஆம் திகதி இரவு மொட்டை மாடிக்குப் போனோம். பாதி வானம் மேகம். இரண்டாவது நிலவு எங்கேயும் இல்லை. அதை வைத்து "பிழை" என்று எழுத நான் விடவில்லை. மேகம் மறைத்திருக்கும் என்று யாராவது சொன்னால் நம்மிடம் பதில் இல்லையே. மூலப் பிரதியைத் தேடினோம். மகளும் கணினியில் உதவினாள். 2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் உண்மையாகவே பூமிக்கு மிக அருகில் வந்திருக்கிறது. தூரம் ஏறக்குறைய 5 கோடியே 60 இலட்சம் கிலோமீற்றர். கிட்டத்தட்ட 60,000 ஆண்டுகளில் அவ்வளவு அருகில் வந்ததில்லை. அப்போது பரவிய மின்னஞ்சலில், 75 மடங்கு பெருக்கிக் காட்டும் தொலைநோக்கியில் பார்த்தால் செவ்வாய், வெறும் கண்ணுக்கு முழுநிலவு தெரியும் அளவில் தெரியும் என்று இருந்தது. கையிலிருந்து கை மாறும்போது தொலைநோக்கி போய்விட்டது. 2003 என்ற ஆண்டும் போய்விட்டது. மிஞ்சியது ஆகஸ்ட் 27 மட்டும். அது ஒவ்வொரு ஆண்டும் வரும்தானே.

"மூலப் பிரதியில் பிழை இல்லை, அம்மப்பா. பிரதி எடுத்தவர்கள் வெட்டிவிட்டார்கள்" என்றாள் பேத்தி. 31 ஆண்டுகள் நான் செய்த வேலையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. பெரியப்பாவுக்கும் அவளே எடுத்துச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. தனக்கு அனுப்பிய நண்பருக்கு விளக்கத்தை அனுப்பிவிட்டதாகச் சொன்னார்.

இணையத்தில் தேடும்போதும், கைபேசியிடம் கேட்கும்போதும் இதே கேள்விதான். முதலில் வரும் விடை பெரும்பாலும் பிரதியின் பிரதி. இது யாரைப் பார்த்து எழுதப்பட்டது என்று ஒரு படியாவது பின்னால் போகச் சொல்லுங்கள். ஒரே வசனம் பத்து இடங்களில் எழுத்து மாறாமல் இருந்தால் அவை பத்துச் சாட்சிகள் ஆகா. ஒரே சாட்சியைப் பத்துப் பேர் பார்த்து எழுதியிருக்கிறார்கள். திகதி தவறிய அந்த மரண அறிவித்தலும் அன்று பல ஆயிரம் பிரதிகளில் ஒரே மாதிரித்தான் இருந்தது.

8, 9 வயது தாண்டிய பிள்ளைகளுக்குச் சொற்களைப் பிரித்துப் பார்க்கப் பழக்கலாம். காலிமுகத்திடலில் இருந்து தாமரைக் கோபுரத்தைக் காட்டி, "தெற்காசியாவிலேயே மிக உயரமானது" என்று யாரோ சொன்னதைப் பேத்தி எழுதி வந்தாள். எது உயரமானது? கட்டடமா, கோபுரமா, மனிதர் நிறுத்திய எதுவுமா? தமிழ்நாட்டில் திருநெல்வேலி மாவட்டத்தில் இந்தியக் கடற்படையின் கட்டபொம்மன் தளத்தில் இருக்கும் வானொலிக் கம்பங்கள் 471 மீற்றர். நம் கோபுரம் ஏறக்குறைய 350 மீற்றர். ஆனால் அந்தக் கம்பங்களை இழுவைக் கம்பிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நம் கோபுரம் எந்தப் பிடியும் இல்லாமல் தன் காலில் நிற்கிறது. "தானாக நிற்பவற்றுள்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் கூற்று சரியாகிவிடும். எடுத்துவிட்டால் பிழையாகிவிடும். இன்னொன்றையும் அவளே கண்டுபிடித்தாள். கோபுரத்தின் உயரம் சில இடங்களில் 350 என்றும் சில இடங்களில் 356 என்றும் இருக்கிறது. அந்த எண்ணுக்கு மட்டும் பென்சில்.

இதே வழியில் "இலங்கையின் தலைநகரம் எது?", "மிக உயரமான மலை எது?" என்பவற்றையும் செய்து பார்க்கலாம். பாராளுமன்றம் 1982இல் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டைக்குப் போன கதையைச் சொன்னால் முதலாவது தெளியும். இரண்டாவதற்குச் சிவனொளிபாதமலை என்று சொல்லாத பிள்ளை அபூர்வம். அது 2243 மீற்றர், பிதுருதலாகல 2524. தனித்து நிற்பது உயரமாகத் தெரியும் என்பதைக் கையில் நான்கு புத்தகங்களை அடுக்கிக் காட்டினாலே புரிந்துகொள்வார்கள்.

மழைக்காலத்தில் படங்கள் வரும். "கொழும்பு வெள்ளத்தில் மூழ்குகிறது" என்று ஒரு படம் வந்தால் பிள்ளையிடமே கொடுங்கள். அவர்களுடைய கண் நம்மைவிடக் கூர்மையானது. வாகனங்கள் வீதியின் எந்தப் பக்கத்தில் ஓடுகின்றன? நம் நாட்டில் இடது பக்கம். கடைப் பலகையில் என்ன எழுத்து? எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு படத்தில் பேருந்து நிறுத்தப் பெயர் மலையாளத்தில் இருந்ததைப் பேரன்தான் காட்டினான். அவனுக்கு மலையாளம் தெரியாது. "இது சிங்களமும் இல்லை, தமிழும் இல்லை" என்றான், அவ்வளவுதான். பிறகு அளவைத் தேடுங்கள். களனி கங்கையின் நீர்மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் நாகலகம் வீதியில் அளந்து அடிக்கணக்கில் வெளியிடுகிறது. அந்த எண் காலையிலும் மாலையிலும் எப்படி மாறுகிறது என்று பிள்ளை தன் கையால் குறித்து வைத்தால், பயமும் குறையும், வதந்தியும் அடங்கும்.

இவ்வளவும் சொல்லிக்கொடுத்த பிறகு ஒரு ஆபத்து வரும். பிள்ளை எதையும் நம்பாமல் போகும். எங்கள் வீட்டிலும் வந்தது. ஒரு மாலை பேரன் வானிலிருந்து இறங்கியதும், "வெள்ளவத்தைக் கடலில் முதலை இருக்கிறது என்று வான் மாமா சொன்னார்" என்றான். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். முதலை ஆற்றிலும் குளத்திலும்தான் இருக்கும், இது கூடத் தெரியாதா என்று கேட்டாள். அவன் முகம் சுருங்கிவிட்டது. நான் கொப்பியைக் கொண்டு வரச் சொன்னேன். யார் சொன்னது? வான் மாமா. அவருக்கு எப்படித் தெரியும்? அவர் இதே கரையில் பிறந்து வளர்ந்தவர். பழைய செய்திகளைத் தேடினோம். 2022 தொடக்கத்தில் இந்தக் கரையோரத்தில் முதலை தென்பட்டிருக்கிறது. ஒருவரின் உயிரும் போயிருக்கிறது. உவர்நீர் முதலை கடலிலும் நீந்தக்கூடியது என்பதையும் படித்தோம். பேத்தி ஒன்றும் பேசாமல் பேனாவை எடுத்துத் தம்பியின் வரியைத் தானே எழுதிக்கொடுத்தாள்.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று எல்லா வீடுகளிலும் சொல்கிறோம். முதல் இரண்டையும் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். தீர விசாரிப்பது எப்படி என்று யாரும் செய்து காட்டுவதில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் நம்பும் பிள்ளையும், எதையும் நம்பாத பிள்ளையும் உருவாகிறார்கள். இருவரும் விசாரிக்காதவர்களே. கொப்பியில் பேனாவால் எழுதிய வரிகள் பென்சில் வரிகளைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். எல்லாம் கோடு போட்ட வரிகளாக இருந்தால், பிழையானதை மட்டும் தேடிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். சரியானவற்றையும் எழுதச் சொல்லுங்கள்.

விசாரிக்கக் கூடாத நேரமும் உண்டு. இதைத் தெளிவாகச் சொல்லிக்கொடுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்வாங்கியபோது வேடிக்கை பார்க்கப் போனவர்கள் எத்தனையோ பேர். அன்று இந்த நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தபோது இங்கே ஆழிப்பேரலை எச்சரிக்கை விடுத்தார்கள். எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் காலி வீதியைத் தாண்டி உள்பக்கம் போனோம். பேரலை வரவில்லை. அதனால் எச்சரிக்கை பிழை என்று ஆகாது; வரக்கூடும் என்றுதான் சொன்னார்கள், அது சரியாகவே இருந்தது. தீ, கடல், மின்சாரம் என்று யாராவது கத்தினால் முதலில் ஓடு, பிறகு மூலப் பிரதி தேடலாம். பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள்: அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. பாதுகாப்பான இடத்தில் நின்றுகொண்டு கேட்கலாம்.

இதற்கு நேர் எதிரான நேரமும் உண்டு. ஒரு செய்தியை நம்பினால் இன்னொருவருக்கு அடி விழும் என்றால், அங்கே பத்து மடங்கு பொறுமை வேண்டும். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உணவுக்குள் கருத்தடை மாத்திரை இருந்தது என்று பரவியது. உணவகத்தையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது மாவுக்கட்டி. ரொட்டிக்கு மாவு பிசையும் எவருக்கும் தெரியும், நன்றாகக் கரையாவிட்டால் கட்டி விழும். இந்தக் கதையை 10 வயதுப் பேத்திக்குச் சொல்வதா என்று ஒரு வாரம் யோசித்தேன். சொன்னேன். அவளுடைய வகுப்பில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு நாள் அவளுடைய காதில் இப்படி ஒன்று விழாமல் இருக்காது. சொல்லி முடித்ததும் கொப்பியில் ஒரு நான்காவது வரியைச் சேர்த்தோம்: "இது பிழையாக இருந்தால் யாருக்கு நோகும்?" பாண் நிறை போன்றவற்றுக்கு அதை நிரப்புவதில்லை. மனிதரைப் பற்றிய செய்தி என்றால் முதலில் அதைத்தான் நிரப்புகிறாள்.

கடைசியாக, உங்களுடைய கூற்றுகளும் கொப்பிக்குள் போக வேண்டும். போன மாதம், புறக்கோட்டைக்கு 100ஆம் இலக்க பஸ் எங்கள் தெருமுனையில் காலை 6 மணிக்கே வரும் என்று சொன்னேன். பேத்தி எழுதிக்கொண்டாள். மூன்று நாட்கள் ஜன்னலில் நின்று பார்த்து, நான் சொன்ன வரியின் மேல் கோடு போட்டுவிட்டு என்னிடம் நீட்டினாள். பக்கத்தில் என் பெயரைச் சுருக்கிக் கையொப்பம் இட்டேன். பத்திரிகையில் திருத்தம் ஏற்கப்பட்டால் அப்படித்தான் செய்வோம். அன்று முதல் அவர்கள் இருவரும் தங்களுடைய பிழைக்கும் கையொப்பம் இடுகிறார்கள். பிழையை ஒப்புக்கொள்ளும்படி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இப்போது கொப்பியில் கடைசியாக இருப்பது பேரனின் வரி. "எங்கள் வீட்டுக் கடற்கரையில் இருந்து நேரே மேற்கே போனால் முதலில் வருவது ஆபிரிக்கா." யார் சொன்னது? "நானே யோசித்தேன்." பாடசாலைப் புவியியல் வரைபடப் புத்தகத்தில் அடிமட்டம் வைத்துப் பார்த்தோம். மாலைதீவின் வடக்கு முனைத் தீவுகள் ஏறக்குறைய எங்கள் நேருக்கே வருகின்றன. கோடு தீவில் படுகிறதா, இரண்டு தீவுகளின் இடையால் நழுவி ஆபிரிக்காவுக்குப் போகிறதா என்பது அந்தச் சிறிய படத்தில் தெரியவில்லை. பென்சில் கோட்டின் தடிப்பே அதில் பல கிலோமீற்றர். வரும் சனிக்கிழமை கொழும்புப் பொது நூலகத்தில் பெரிய வரைபடம் கேட்டுப் பார்ப்பதாக இருக்கிறோம். பென்சிலை நன்றாகச் சீவி எடுத்து வர வேண்டும் என்று அவன் இப்போதே சொல்லி வைத்திருக்கிறான்.